அலர்ஜி பரம்பரையாக வருகிறது என்றால், அது எந்த மரபணுவில் இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “என் அம்மாவுக்கு இளைப்பு. எனக்குக் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல். இப்போது ஒன்றரை வயது மகளுக்கு முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் கரப்பான்; டாக்டர் எக்சிமா என்கிறார். மூன்று தலைமுறையில் மூன்று விதமாக வருகிறதே, எல்லாம் ஒரே மரபணுவின் வேலையா? எச்சிலைக் கொடுத்தால் ஜீன் டெஸ்ட் செய்து சொல்லிவிடுகிறார்களாம். மகளுக்கு எடுத்தால் எதற்கெல்லாம் அலர்ஜி வரும் என்று முன்கூட்டியே தெரியுமா?”

நான் மரபணுத் தரவை அலசும் வேலையில் இருப்பவன், மருத்துவர் அல்ல. மகளுக்கு என்ன மருந்து என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கேள்வியின் மரபணுப் பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: மூன்றும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருபவைதான். ஆனால் அந்த வேர் ஒரு மரபணு அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கிளை பரப்பியிருக்கிறது. மகளுக்கு எதற்கு அலர்ஜி வரும் என்று எச்சில் பரிசோதனை சொல்லாது. அப்படியானால் லட்சக்கணக்கானவர்களின் மரபணுவைப் படித்து என்னதான் கிடைத்தது என்று கேட்பீர்கள். அலர்ஜி உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று நாம் நினைத்திருந்ததே மாறிப்போயிற்று. எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அதுதான்.

அலர்ஜி வழிவழியாக வருவது பழைய செய்தி. ‘அலர்ஜி’ என்ற சொல்லை வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபோன் பிர்க்கே உருவாக்கியது 1906-ல். பத்தே ஆண்டில், 1916-ல், நியூயார்க்கில் ராபர்ட் குக், ஆல்பர்ட் வாண்டர் வீர் என்ற இருவர் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதி, இது பரம்பரையாக வருவதைக் காட்டிவிட்டார்கள். அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். பெற்றோருக்கு எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ அதே பொருள்தான் பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. எதற்காவது அலர்ஜி வரக்கூடிய உடம்புவாகுதான் கைமாறுகிறது. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் இதேதான்.

பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பதற்கு இரட்டையர்கள் நல்ல சாட்சி. அமெரிக்காவில் 2000-ல் வந்த ஓர் ஆய்வில் வேர்க்கடலை அலர்ஜி உள்ள இரட்டையர்களைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 14 ஜோடிகளில் 9 ஜோடிகளுக்கு இருவருக்குமே அலர்ஜி இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான 44 ஜோடிகளில் வெறும் 3. சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் கண்ணில் அறைகிறது. அந்த 14-ல் மீதமுள்ள 5 ஜோடிகளையும் மறந்துவிடாதீர்கள். ஒரே மரபணு, ஒரே வீடு, பெரும்பாலும் ஒரே சாப்பாடு. ஆனால் ஒருவருக்கு அலர்ஜி, மற்றவருக்கு இல்லை.

சரி, பரம்பரை என்று தெரிந்தாயிற்று. எந்த மரபணு? 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் குக்சன், ஜூலியன் ஹாப்கின் குழு, அலர்ஜிக்கு அடிப்படையான ஒன்று 11-வது குரோமோசோமில் இருப்பதாகச் சில குடும்பங்களை வைத்துச் சொன்னது. வேறு சில குழுக்கள் தேடியபோது அது கிடைக்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஏறக்குறைய இப்படித்தான் போயின. சந்தேகப்படும் மரபணு ஒன்றை எடுத்துக்கொள்வது, நூறு இருநூறு நோயாளிகளிடம் பார்ப்பது, கிடைத்துவிட்டது என்று எழுதுவது, அடுத்த ஊரில் அது பொய்த்துப்போவது. ஒரே பெரிய குற்றவாளி இருக்கிறான் என்று எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் ஏராளமான சின்னக் கைகள் சேர்ந்து செய்கிற வேலை இது. சின்னக் கைகளைப் பார்க்க நூறு பேர் போதாது, பல்லாயிரம் பேர் வேண்டும்.

இங்கேதான் முழு ஜீனோம் தரவு வருகிறது. பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் பார்ப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலுக்குப் பல ஏடுகள். ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னொன்றில் அதே இடத்தில் வேறு சொல். நம் ஜீனோம் 300 கோடி எழுத்துக்கள் கொண்ட நூல். உங்கள் ஏட்டுக்கும் என் ஏட்டுக்கும் சுமார் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பாடபேதம் இருக்கும். பெரும்பாலானவை எதையும் மாற்றாது. ஆஸ்துமா உள்ள ஆயிரக்கணக்கானவர்களின் ஏடுகளையும் இல்லாதவர்களின் ஏடுகளையும் பக்கத்தில் வைத்து, லட்சக்கணக்கான இடங்களில் எந்தப் பாடம் எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணுகிறோம். முன்கூட்டியே எந்த மரபணுவையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. இந்த முறையின் அழகு அதில்தான்; நாம் யோசித்தே இருக்காத இடத்தையும் தரவு சுட்டிக்காட்டிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. லட்சக்கணக்கான இடங்களில் தேடினால் தற்செயலாகவே பல இடங்கள் ‘நான்தான்’ என்று கை தூக்கும். அதனால் இரண்டு கோடியில் ஒரு தடவைதான் தற்செயலாக நடக்கக்கூடியது என்ற அளவுக்கு வித்தியாசம் இருந்தால்தான் கணக்கில் எடுப்போம். எடுத்ததையும் வேறொரு மக்கள் கூட்டத்தில் மறுபடி பார்ப்போம். பழைய ஆய்வுகளில் இல்லாமல் போன கண்டிப்பு இது.

ஆஸ்துமாவுக்கு இப்படிச் செய்த முதல் ஆய்வு 2007-ல் வந்தது. சிறு வயதில் ஆஸ்துமா வந்த 994 பேர், ஆஸ்துமா இல்லாத 1,243 பேர், மூன்று லட்சத்துக்கும் அதிகமான இடங்கள். 17-வது குரோமோசோமில் ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அலர்ஜி ஆராய்ச்சியில் யாரும் பேசாத இடம் அது. அங்கே ஓ.ஆர்.எம்.டி.எல்.3 என்ற மரபணுவைத்தான் முதலில் கைகாட்டினார்கள். பக்கத்திலேயே காஸ்டெர்மின்-பி என்று இன்னொன்று இருக்கிறது. இந்தப் புரதம் செல்லின் சவ்வில் ஓட்டை போட்டு செல்லையே வெடிக்கவைக்கக் கூடியது. ஆஸ்துமா அபாயத்தைக் குறைக்கும் ஒரு பாடபேதம் அந்த ஓட்டை போடும் திறனையே முடக்கிவிடுகிறது என்று பிறகு காட்டினார்கள். எந்த மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அந்த இடத்தில் யார் எதைச் செய்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய வேலை. ஏனென்றால் இப்படிக் கிடைக்கும் பாடபேதங்களில் பெரும்பாலானவை மரபணுவுக்குள்ளேயே இருப்பதில்லை. மரபணுவை எப்போது, எந்த செல்லில், எவ்வளவு இயக்குவது என்று தீர்மானிக்கும் பகுதிகளில் இருக்கின்றன. விளக்கு கெட்டுப்போகவில்லை, சுவிட்ச்தான் கொஞ்சம் இறுக்கமாகவோ தளர்வாகவோ இருக்கிறது.

2010-ல் ஐரோப்பாவின் பல நாடுகள் சேர்ந்து 10,365 ஆஸ்துமாக்காரர்களையும் 16,110 மற்றவர்களையும் வைத்து இதையே பெரிதாகச் செய்தார்கள். அதில் வந்த ஒரு முடிவுதான் நான் முதலில் சொன்ன மாற்றத்தின் தொடக்கம். அலர்ஜி என்றாலே ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புப் புரதம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். 1960-களின் நடுவில் ஜப்பானியத் தம்பதியான இஷிசாகாக்களும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது அது. ரத்தப் பரிசோதனையில் ‘ஐ.ஜி.இ அதிகம்’ என்று வரும், பார்த்திருப்பீர்கள். ஆஸ்துமாவின் வேர் ஐ.ஜி.இ அளவில் இருந்தால், ஐ.ஜி.இ-யைக் கூட்டும் பாடபேதங்களே ஆஸ்துமாவையும் கூட்ட வேண்டும். தரவு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பட்டியல்களும் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போகவில்லை. ஆஸ்துமா பட்டியலில் வந்தவை ஐ.எல்.33 போன்றவை. இவை மூச்சுக்குழாயின் உள்தோல் அடிபட்டால் ‘ஆபத்து’ என்று கூவும் செய்திப் புரதங்கள். ஐ.ஜி.இ உயர்வது பல நேரங்களில் கதையின் நடுவில் வருவது; தொடக்கம் உடம்பின் எல்லைச் சுவரில் இருக்கிறது.

சுவர் என்று நான் சொல்வதற்கு இதைவிட அழுத்தமான சாட்சி தோலிலிருந்து வந்தது, அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே. ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழு, மீன்செதில் போலத் தோல் வறண்டு உரியும் ஒரு பரம்பரை நோயைத் துரத்திக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்ட மரபணு ஃபிலாகிரின். அதைப் படிப்பதே பெரும்பாடு. 972 எழுத்துக்கள் கொண்ட ஒரே பத்தி, ஆளுக்கு ஆள் 10 முதல் 12 முறை வரை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே அடியைப் பன்னிரண்டு முறை எழுதிய ஏட்டில், எழுத்துப் பிழை எத்தனையாவது அடியில் என்று கண்டுபிடிப்பது போல. பொறுமையாக உட்கார்ந்து படித்தார்கள். இரண்டு பிழைகள் அகப்பட்டன. 2006-ல் அதே குழு, ஒத்துழைத்த அயர்லாந்து, டென்மார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து, அந்தப் பிழைகள்தான் எக்சிமாவுக்கும் பெரிய காரணம் என்று காட்டியது. ஐரோப்பியர்களில் ஏறக்குறைய 9 சதவீதம் பேரிடம் இந்த இரண்டு பிழைகளில் ஒன்று இருந்தது.

ஃபிலாகிரின் என்ன செய்கிறது? தோலின் மேலடுக்கில் செல்கள் தட்டையாகி இறுகி அடுக்கடுக்காகப் படிய உதவுகிறது. பிறகு அதுவே சிதைந்து, தோலுக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சின்னச்சின்னப் பொருள்களாக மாறுகிறது. அது குறைந்தால் சுவரின் பூச்சு விரிசல் விடுகிறது. ஈரம் வெளியே போகிறது, வெளியே இருப்பது உள்ளே வருகிறது.

இதிலிருந்துதான் வேர்க்கடலை விஷயத்துக்குப் புது வெளிச்சம் கிடைத்தது. ஃபிலாகிரின் தோலின் புரதம். ஆனாலும் அதில் பிழை இருந்தால் வேர்க்கடலை அலர்ஜியும் கூடுகிறது என்று 2011-ல் தெரிந்தது. தோல் புரதத்துக்கும் தின்னும் பொருளுக்கும் என்ன சம்பந்தம்? லண்டனின் அலர்ஜி மருத்துவர் கிடியோன் லேக் சொன்ன விளக்கம் இது: ஒரு பொருள் முதலில் வாய் வழியாக வந்தால் உடம்பு அதை உணவு என்று ஏற்கப் பழகுகிறது, விரிசல் விட்ட தோல் வழியாக வந்தால் படையெடுப்பு என்று நினைக்கிறது. மேல்நாட்டு வீடுகளில் வேர்க்கடலைத் துகள் வீட்டுத் தூசியிலேயே இருக்கிறது. வீட்டுத் தூசியில் அது அதிகமாக இருந்தபோது, ஃபிலாகிரின் பிழை உள்ள குழந்தைகளுக்குத்தான் கடலை அலர்ஜி வாய்ப்பு அதோடு சேர்ந்து ஏறியது என்று பிரிட்டனில் 2014-ல் காட்டினார்கள்.

லேக்கின் குழு அதற்கு முன்பே ஓர் ஒப்பீடு செய்திருந்தது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகள், இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகள். வம்சாவளி ஏறக்குறைய ஒன்று. பிரிட்டனில் 1.85 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் 0.17 சதவீதம். இஸ்ரேலில் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே கடலை சேர்த்த தின்பண்டம் தின்கிறார்கள். பிரிட்டனில் அப்போது கடலையைத் தள்ளிவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்க கடும் எக்சிமா அல்லது முட்டை அலர்ஜி உள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்குக் கடலையைச் சின்ன வயதிலேயே கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. ஐந்து வயதில் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, தின்றவர்களில் 3.2 சதவீதம். மரபணுவை யாரும் மாற்றவில்லை, ஊட்டிய காலத்தை மாற்றினார்கள்.

இந்தக் கதை எவ்வளவு பொருந்தி வந்தாலும் எல்லாக் கண்ணியும் கோர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவரில் விரிசல்தான் காரணம் என்றால், பிறந்ததிலிருந்தே தினமும் களிம்பு தடவிச் சுவரைப் பூசிவிட்டால் எக்சிமாவே வராமல் போக வேண்டுமே? பிரிட்டனில் 1,394 பச்சிளங்குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவு ஏமாற்றம்: இரண்டு வயதில் தடவியவர்களில் 23 சதவீதம், தடவாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு எக்சிமா. ஏற்கனவே எக்சிமா வந்த தோலுக்கு ஈரக்களிம்பு அவசியம், அதில் மாற்றமில்லை. வருமுன் காக்கிறதா என்றால், அந்தச் சோதனையில் இல்லை. மரபணு வழியைக் காட்டும். அந்த வழியில் நடந்து பார்த்தால்தான் போய்ச் சேருமா என்று தெரியும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இளைப்பு, தும்மல், கரப்பான் மூன்றும் ஒன்றா? 2017-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மானுவல் ஃபெரெய்ரா தலைமையில், மூன்றில் ஏதாவது ஒன்றாவது உள்ள 1,80,129 பேரையும் எதுவுமே இல்லாத 1,80,709 பேரையும் ஒப்பிட்டார்கள். 99 பகுதிகளில் 136 பாடபேதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒரு நோய்க்கு ஒருவிதமாகவும் இன்னொன்றுக்கு வேறுவிதமாகவும் தெளிவாக வேலை செய்தவை ஆறே ஆறு. மற்றவையெல்லாம் மூன்றுக்கும் பொது. ஆகவே அம்மாவிடமிருந்து உங்களுக்கும், உங்களிடமிருந்து மகளுக்கும் போனது ஒரே மூட்டைதான், சில பொருள்கள் விடுபட்டும் உங்கள் துணைவர் பக்கத்திலிருந்து சில சேர்ந்தும். அது நுரையீரலில் தெரிகிறதா, மூக்கில் தெரிகிறதா, தோலில் தெரிகிறதா என்பது வயது, சூழல், அந்தந்த இடத்துச் சுவரின் பலம் எல்லாம் சேர்ந்து முடிவாவது. மகளின் கரப்பானும் அவள் பாட்டியின் இளைப்பும் உறவு முறைதான்.

இத்தனை பேரைச் சேர்த்தும் தரவில் ஒரு பலவீனம் உண்டு. வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை, இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தினமும் உறுத்துவது. மரபணுவைத் துல்லியமாகப் படித்துவிடுகிறோம்; ‘இவருக்கு அலர்ஜி’ என்ற குறிப்புதான் கொழகொழவென்று இருக்கிறது. உலகமே பயன்படுத்துகிற பிரிட்டனின் யூகே பயோபேங்க் தொகுப்பில் ஐந்து லட்சம் பேர் இருக்கிறார்கள். அதன் வினாத்தாளில் மூக்கு அலர்ஜியும் எக்சிமாவும் ஒரே கட்டத்தில், ஒரே டிக். தும்முகிறவரும் அரிக்கிறவரும் அந்த டிக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். எழுத்துக்களைப் படிக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவிட்டது. ஒரு குழந்தையை உட்காரவைத்துத் தோலில் குத்திப் பார்த்து, ஊதவைத்து அளந்து, ஐந்து ஆண்டு கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும் செலவு குறையவில்லை. அடுத்த பெரிய கண்டுபிடிப்பு எழுத்துக்களைப் படிக்கும் சீக்வென்சிங் இயந்திரத்திலிருந்து வராது, இப்படிப்பட்ட பொறுமையான பதிவுகளிலிருந்துதான் வரும் என்பது என் கருத்து.

இனி இரண்டாவது கேள்வி, எச்சில் பரிசோதனை. அந்த 136 பாடபேதங்களில் பெரும்பாலானவை தனித்தனியே பார்த்தால் வாய்ப்பை ஐந்து பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்பவை. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடலாம். பெரிய கூட்டத்தில் யார் சராசரிக்கு மேல், யார் கீழ் என்று அது ஓரளவு பிரிக்கும். தனி ஒரு குழந்தைக்கு ‘வரும்’ ‘வராது’ என்று சொல்லும் பலம் அதற்கு இல்லை. “அம்மாவுக்கு இளைப்பு, எனக்குத் தும்மல், மகளுக்கு எக்சிமா” என்று நீங்கள் எழுதிய ஒற்றை வரியில் ஏற்கனவே நிறையத் தகவல் இருக்கிறது.

சூழல் எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் சமூகங்கள் நல்ல உதாரணம். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய விவசாயச் சமூகங்கள், வம்சாவளியில் நெருங்கியவை, சாப்பாடும் பழக்கமும் பல விதத்தில் ஒன்று. ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாட்டுக்கொட்டகை வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்கிறார்கள். ஹட்டரைட் மக்கள் வீட்டுக்குத் தள்ளி, பெரிய இயந்திரங்களோடு. ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் உறைப்பொருள் 6.8 மடங்கு அதிகம். இரு தரப்பிலும் 30 குழந்தைகளின் ரத்தத்தை வைத்து 2016-ல் வந்த ஆய்வு இது. நோய் எதிர்ப்புச் செல்களே இரண்டு விதமாகப் பழகியிருந்தன. முன்பு சொன்ன 17-வது குரோமோசோம் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைப் பருவத்தில் வீட்டில் சிகரெட் புகை இருந்த பிள்ளைகளிடம் அந்த இடத்தின் தாக்கம் கூடுதலாக இருந்தது என்று பிரெஞ்சுக் குடும்பங்களில் 2008-ல் கண்டார்கள். சளிக்காய்ச்சல் தரும் ரைனோவைரஸால் சின்ன வயதில் இளைப்பு வந்த பிள்ளைகளிடமும் அப்படியே. அந்த மரபணு தனியாக நின்று நோய் தருவதில்லை, எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்து நடந்துகொள்கிறது.

எச்சில் பரிசோதனையை நான் தள்ளிவைப்பதற்கு இன்னொரு காரணம், அந்த மதிப்பெண்கள் நம்மை வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இப்படிப்பட்ட ஆய்வுகளில் பங்குபெற்றவர்களில் 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். ஆசியர் எல்லாரும் சேர்ந்து 10 சதவீதம். ஃபிலாகிரினையே பாருங்கள். ஐரோப்பாவில் அடிக்கடி வரும் அந்த இரண்டு பிழைகள் ஜப்பானிலும் சீனாவிலும் அரிது. அங்கே அதே மரபணு வேறு வேறு இடங்களில் உடைந்திருக்கிறது. ஐரோப்பியப் பிழைகளை மட்டும் தேடும் பரிசோதனை, உடைந்த ஏட்டைப் பார்த்தும் ‘பிழை இல்லை’ என்று எழுதிவிடும்.

நம் பக்கத்தில் நிலைமை கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கிறது. 2020-ல் தொடங்கிய ஜீனோம்இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து 10,000 பேரின் முழு ஜீனோமைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள தரவு மையத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. நம் சமூகங்கள் பல நூறு ஆண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துவந்தவை. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யின் ஆய்வாளர்கள் பங்கேற்ற 2017 ஆய்வு, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியவை என்று காட்டியது. அப்படிப்பட்ட குழுவில், உலகில் வேறெங்கும் அரிதாக இருக்கும் ஒரு பிழை சாதாரணமாகிவிடலாம். அலர்ஜிக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேட எழுத்துக்கள் வந்துவிட்டன. அவற்றோடு சேர்த்துப் பார்க்க, நம் குழந்தைகளின் அலர்ஜியை முறையாகப் பதிவு செய்த பெரிய தொகுப்பு வேண்டும். என் துறையில் எனக்கு ஒன்று கேட்கக் கிடைத்தால் அதைத்தான் கேட்பேன்.

ஜீன் டெஸ்டே வீண் என்று புரிந்துகொண்டுவிடாதீர்கள். உயிரைக் காக்கும் இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, ஒரே மரபணு உடைவதால் வரும் அரிய நோய்கள். டாக்8 என்ற மரபணு இரண்டு பிரதியிலும் உடைந்தால், கடுமையான எக்சிமா, பல உணவுகளுக்கு அலர்ஜி, அதோடு தீராத தோல் வைரஸ் தொற்று, நுரையீரல் தொற்று எல்லாம் சேர்ந்து வரும். 2009-ல் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் உடைந்த பிரதி வர வேண்டும் என்பதால், சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் வாய்ப்பு கூடும். மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் முடிக்கும் நம் ஊரில் மருத்துவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்டாட்6 என்ற மரபணு அளவுக்கு மீறி இயங்குவதால் பிறந்ததிலிருந்தே கடும் அலர்ஜி வரும் குழந்தைகளையும் அண்மை ஆண்டுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவர்களுக்கு மரபணு தெரிந்தால் சிகிச்சையே மாறும். டாக்8 குழந்தைக்குக் களிம்பு போதாது, எலும்பு மஜ்ஜை மாற்று வரை யோசிக்க வேண்டியிருக்கும். இந்த வகையில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று: துண்டால் துவட்டினாலும் கை தட்டினாலும் தடித்துப்போகிற லெபனான் குடும்பங்கள் சில. செல் மேலுள்ள ஒரு புரதத்தின் இரண்டு துண்டுகள் அதிர்வில் எளிதாகப் பிரிந்துவிடுவதுதான் காரணம் என்று 2016-ல் தெரிந்தது. தலைமுறைகளாக அவர்கள் சொன்னதற்கு மரபணு சாட்சி சொன்னது.

இன்னொன்று மருந்து அலர்ஜி. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமாசெபைன் சிலருக்கு உடம்புத் தோலையே உரித்துவிடும் அளவுக்கு எதிர்வினை தரும், உயிரே போகலாம். இது தும்மல் வகை அலர்ஜி அல்ல, வேறு செல்கள் செய்யும் வேலை. 2004-ல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பார்த்தால், 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்தைப் பிரச்சினை இல்லாமல் எடுத்த 101 பேரில் 3 பேரிடம் மட்டும். பிறகு தைவானிலேயே 4,877 பேரை முன்கூட்டிப் பரிசோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட அந்தக் கொடும் எதிர்வினை வரவில்லை. 2007-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தந்த எச்சரிக்கையில் இந்தியர்கள் உட்பட தெற்காசியர்களிடமும் இந்த வகை 2 முதல் 4 சதவீதம் வரை காணப்படுவதாகக் குறிப்பிட்டது. வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரையைப் புதிதாக எழுதினால், “இதற்கு ரத்தப் பரிசோதனை தேவையா டாக்டர்?” என்று கேட்பதில் தவறே இல்லை. எச்.ஐ.வி. மருந்தான அபாகாவிருக்கும் இதே போல எச்.எல்.ஏ-பி 57:01 பரிசோதனை வழக்கத்துக்கு வந்துவிட்டது.

மருந்துகளின் பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுவர் அடிபட்டதும் கூவும் செய்திப் புரதங்களில் டி.எஸ்.எல்.பி. ஒன்று, ஆஸ்துமா ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த இடம். அதைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்ற ஊசி 2021-ல் கடும் ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐஸ்லாந்தில் ஐ.எல்.33-இன் ஒரு பிரதி உடைந்தபடியே பிறந்தவர்களுக்கு ஆஸ்துமா குறைவு என்று 2017-ல் கண்டார்கள். இயற்கையே ஒரு மருந்துச் சோதனையை நடத்திக் காட்டியது போல. அந்தப் பாதையைத் தடுக்கும் மருந்துகளையும் சோதித்துப் பார்த்தார்கள்.

உங்கள் மகளுக்கு இப்போது என்ன? எச்சில் பரிசோதனைக்கு வைத்திருக்கும் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கரப்பானை டாக்டர் சொல்கிறபடி விடாமல் அடக்குங்கள். விரிசல் திறந்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வெளிப்பொருள்கள் உள்ளே வரும் வாரம்தான். ‘சூடு’, ‘கரப்பான் பண்டம்’ என்று பயந்து முட்டை, வேர்க்கடலை, மீன் எல்லாவற்றையும் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். கரப்பான் கடுமையாக இருந்தாலோ, ஏதாவது தின்றதும் தடித்தாலோ, மறுபடி கொடுக்கும் முன் டாக்டரிடம் பரிசோதனை கேளுங்கள். வீட்டுக்குள் யாரும் புகைக்க வேண்டாம். அடிக்கடி நிமோனியா, திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, எடை ஏறாமை, ஆறாத மருக்கள் இவற்றில் ஏதாவது கரப்பானோடு சேர்ந்து வந்தால், நோய் எதிர்ப்பு நோய்களைப் பார்க்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே மரபணுப் பரிசோதனைக்கு உண்மையான பயன் இருக்கிறது.

அப்புறம், ஒரு தாளில் இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளில் தொடங்கி எழுதுங்கள்: யாருக்கு இளைப்பு, யாருக்குத் தும்மல், யாருக்குக் கரப்பான், எந்த வயதில் வந்தது, எப்போது நின்றது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, உங்கள் திருமணமோ உங்கள் பெற்றோர் திருமணமோ சொந்தத்திலா. அடுத்த முறை போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் குழந்தையின் டாக்டரிடம் கொடுங்கள்.